ஜன்னலில் தொடங்கிய படம்

ஹட்டன் லேன் வீட்டு மாடியில் கமலாம்பிகை வரைந்த படங்கள் நாற்பதுக்கு மேல் இருக்கும். அவற்றைப் பார்த்தவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். ஆபீஸ், வெள்ளிக்கிழமை கோயில், மாடி அறை என்று இந்த மூன்றுக்கும் நடுவில்தான் ஐம்பத்தைந்து வயதுவரை அவள் நடமாட்டம். கல்யாண வீடுகளுக்கு அவள் பெயரில் பரிசு போகும், அவள் போகமாட்டாள். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அதைக் கர்வம் என்றார்கள், மீதிப் பேர் தலையைத் தட்டிக் காட்டினார்கள். இரண்டும் இல்லை. நாலு பேர் கூடுகிற இடத்தில் என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவும் அவளுக்கு வராது.

நில அளவை ஆபீஸில் அவள் ட்ரேசர். அளக்கிறவர்கள் காட்டிலும் சேற்றிலும் திரிந்து கிறுக்கிக்கொண்டு வருவதைச் சுத்தமான வரைபடமாக மையில் எடுத்துத் தருகிற வேலை. அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் எல்லைக்கோடு, பிறகு ரோடும் ஆறும், பிறகு கட்டடங்கள். பெயர்கள் கடைசியில். பெயரை அவசரப்பட்டு முன்னால் எழுதிவிட்டால் பின்னால் வருகிற கோடு அதன்மேல் ஏறி எல்லாம் நாசமாகிவிடும். இந்த முறையிலிருந்து முப்பத்தைந்து வருஷத்தில் அவள் ஒருநாள்கூடப் பிசகியதில்லை.

வீட்டில் படம் வரையும்போது மட்டும் அதைத் தலைகீழாக்கினாள். யாராவது பெண் எதிரில் உட்கார்ந்தால் முதலில் கண். அன்றைக்கே கண். கண் வந்துவிட்டால் ஆள் வந்த மாதிரி, சேலையும் சுவரும் பிறகு மெதுவாக வரட்டும் என்பாள். இதை அவள் சொன்னது தம்பி பெண்டாட்டி நல்லம்மாவிடம். கமலாம்பிகை ஒரு நாளைக்குப் பேசுகிற பத்து வார்த்தையில் எட்டு வார்த்தை நல்லம்மாவுக்குத்தான் போகும்.

அந்த வீட்டில் அவர்கள் மூன்று பேர். தம்பி விஸ்வலிங்கம் துறைமுகத்தில் கிளார்க். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்களில் ஆண்கள் எல்லாரும் எங்காவது ஒரு மேசைக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருப்பார்கள், இவரும் அப்படி. நல்லம்மா ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில், இருபத்திரண்டு வயதில் அந்த வீட்டுக்கு வந்தாள். பார்த்தவர்கள் இன்னொரு முறை பார்க்கிற முகம். ஒரு புருவம் மற்றதைவிடச் சற்று உயர்ந்திருக்கும், ஏதோ கேட்க வருகிற மாதிரியே இருப்பாள். அவர்களுக்கு ஒரே மகள் வள்ளிநாயகி, எண்பத்து நாலில் மருத்துவம் படிக்க மதராசுக்குப் போய்விட்டாள்.

இப்படிப்பட்ட முகத்தை வீட்டிலேயே வைத்துக்கொண்டு கமலாம்பிகை ஏன் ஒருமுறைகூட வரையவில்லை என்று கேட்கலாம். அதற்குச் சின்னம்மாவின் கதையைச் சொல்லவேண்டும்.

சின்னம்மா கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாமிலிருந்து ஃபெரி ஏறி வந்து வீட்டு வேலை செய்துவிட்டுப் போகிறவள். எழுபத்திரண்டாம் வருஷம் கமலாம்பிகை அவளை வரைந்து, சட்டம் போட்டு, அவளிடமே கொடுத்துவிட்டாள். சின்னம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. கொண்டுபோய்க் கூடத்தில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினாள். அடுத்த வாரம் சுங்கை பாக்காப் எஸ்டேட்டிலிருந்து அவளுடைய சொந்தக்காரர்கள் வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே படம் கண்ணில் பட்டது. நம் வீடுகளில் ஒரு பொம்பளை தனியாக, அவ்வளவு பெரிய சட்டத்துக்குள், கூடத்துச் சுவரில் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஒரு கிழவி நெஞ்சில் அடித்துக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சின்னம்மா அடுப்படியிலிருந்து அகப்பையும் கையுமாக ஓடிவந்து, யார் செத்தது என்று கேட்டாளாம்.

இதைச் சின்னம்மாவே வந்து சொல்லிக் காட்டினாள். நல்லம்மா சிரித்துச் சிரித்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று மாதம் கழித்து சின்னம்மா மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். அதோடு சிரிப்பு நின்றது.

அடுத்த வருஷம் கமலாம்பிகை வரைந்தது லெட்சுமி என்கிற டீச்சரை. அவள் பிரசவத்தில் போனாள். இரண்டு சாவு போதாதா ஊருக்கு? கமலாம்பிகையின் கை ராசி கடலைத் தாண்டி அக்கரைவரை போய், காது மூக்கு வைத்துத் திரும்பி வந்தது. அவள் வரைந்தால் ஆள் தங்காது என்றார்கள். கமலாம்பிகைக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. நான் வரையாத எத்தனை பேர் செத்தார்கள், அதை யாராவது எண்ணினீர்களா என்று நல்லம்மாவிடம் கேட்டாள். நல்லம்மா நியாயம்தான் என்று தலையாட்டினாள். ஆனால் அன்றிலிருந்து மாடி அறையைத் தாண்டும்போது சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மறைத்துக்கொள்வாள்.

பிறகு அந்த அறையில் உட்கார்ந்தவர்கள் இரண்டே வகை. பக்கத்து வீட்டு சித்தி ஹாஜரா ஒரு வகை, சித்தி என்பது உறவில்லை, அவர் பெயரிலேயே உள்ளது. முகத்தைப் போடாதே, வேண்டுமானால் முதுகைப் போட்டுக்கொள் என்று ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுவிடுவார். முதுகுக்கு ஆயுசு கெட்டி என்று அவருக்கு யார் சொன்னார்களோ. ஜன்னலோரம் நிற்கிற முதுகு, கதவுக்கு வெளியே பாதி மறைந்த தோள், மேசைமேல் குனிந்த பின்கழுத்து என்று அந்தப் படங்கள் அப்படித்தான் வந்தன.

இன்னொரு வகை, ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்ட பெண்கள். அவர்களுக்கு இனி ராசி என்ன செய்துவிடும்? யாழ்ப்பாணத்தார் வீடுகளில் சாவு நடந்தால் முப்பத்தோராம் நாள் கல்வெட்டு என்று ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்துச் சாப்பாட்டுக்கு வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். குலமும் கோத்திரமும், நாலு புலம்பல் பாட்டும், முதல் பக்கத்தில் செத்தவரின் படமும் இருக்கும். பெண்களுக்குப் பெரும்பாலும் அடையாள அட்டைப் படம்தான் கிடைக்கும், போலீஸில் பிடித்துப்போட்ட மாதிரி ஒரு மூஞ்சி. அதற்குப் பதிலாக நல்ல முகம் ஒன்று கேட்டு, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் பதினோரு பேர். முதல் நாளே கண்ணை வரைந்து, மூன்றாம் நாள் முகத்தை முடித்து அனுப்பினாள் கமலாம்பிகை. அவர்கள் போனபிறகு அழுவாள். அதைப் பார்த்தவள் நல்லம்மா ஒருத்திதான்.

எண்பத்தாறு மார்ச்சில் கமலாம்பிகைக்கு ஓய்வு கிடைத்தது. ஜூனில் நல்லம்மாவின் மார்பில் இருந்த கட்டியை டாக்டர் பார்த்தார். ரொம்பப் பரவிவிட்டது, அறுத்தும் பயனில்லை என்றார். அக்கா முன்னால் விஸ்வலிங்கம் குழந்தை மாதிரி அழுதார். அழுதுவிட்டு மதராசுக்கு ஏரோகிராம் எழுத உட்கார்ந்தார். எல்லோரும் சுகம், அம்மா உன்னை நன்றாகப் படிக்கச் சொன்னாள், நவம்பர் பரீட்சையில் கவனம் வை. பிள்ளையின் படிப்பு கெடக்கூடாது என்றால் இந்தக் குடும்பங்களில் எதை வேண்டுமானாலும் மறைப்பார்கள், சாவைக்கூட வரிசையில் நிற்கச் சொல்லுவார்கள். நல்லம்மாவே அந்தக் கடிதத்தின் அடியில் இரண்டு வரி எழுதி, ஒட்டிக் கொடுத்தாள்.

மறுநாள் மதியம் அவள் தலைப்பால் முகத்தை மூடாமல் மாடி அறைக்குள் வந்தாள். நீலப் பட்டுச்சேலை, மூக்கில் கல் வைத்த மூக்குத்தி. ஜன்னலோர நாற்காலியில் நேராக உட்கார்ந்தாள்.

"மச்சாள், என்னைய வரைங்க."

கமலாம்பிகை துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

"பயப்படாதீங்க. டாக்டரே சொல்லிட்டாரு, இனி உங்க பிரஷ்ஷுக்குப் பயந்து எனக்கு என்னா லாபம்?" என்றாள் நல்லம்மா. "பிள்ளை பரீட்சை முடிஞ்சி வர்றப்ப நான் இருக்க மாட்டேன். அவ போறப்ப எப்படிப் பாத்துட்டுப் போனாளோ, அந்த மூஞ்சி இருக்கணும். இது வத்திப் போறதுக்கு முன்னால போட்டுருங்க."

வேறு படம் இல்லையா என்றால், இல்லை. கல்யாண ஆல்பம் கீழ்வீட்டில் வெள்ளம் புகுந்த வருஷம் கூழாகிவிட்டது. அதற்குப் பிறகு எடுத்த படங்களிலெல்லாம் விளக்கு மின்னும்போது நல்லம்மா கண்ணை மூடியிருப்பாள். குடும்பத்தில் அது ஒரு நிரந்தரக் கேலி.

கமலாம்பிகை சரி என்றாள். புதுத் துணியைச் சட்டத்தில் இழுத்து அடித்தாள். கரித்துண்டை எடுத்துக்கொண்டு நல்லம்மாவைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, ஜன்னலின் சட்டத்தை வரைந்தாள்.

அன்று முழுக்க ஜன்னல்தான். அதற்கு அவளிடம் காரணம் இருந்தது. இது சாதாரணப் படமில்லை, அவசரப்பட்டால் கெட்டுவிடும், ஆபீஸ் முறைப்படி எல்லையிலிருந்து உள்ளே வருவதுதான் சரி. மறுநாள் ஜன்னலின் பலகைகள், ஒவ்வொன்றிலும் விழுந்த வெயிலோடு. அதற்கடுத்த வாரம் பச்சைக் கதவு. பிறகு தையல் மெஷின், பளிங்கு மேசை, சுவர்க் கண்ணாடியில் இருந்த கீறல். நாற்காலியின் பிரம்புப் பின்னலுக்கு மட்டும் ஒன்பது நாள். பிறகு நீலப் பட்டின் மடிப்புகள், பிறகு மடியில் கிடந்த கைகள். வாழ்நாளில் அவள் இவ்வளவு நன்றாக வரைந்ததில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு உள்ளங்கை அளவு வெறும் துணி.

ராசி என்ற பேச்சுக்கே கோபப்பட்டவள், எண்ணினீர்களா என்று கேட்டவள், அவளுக்கே அந்த உள்ளங்கை அளவு இடத்துக்குப் பிரஷ்ஷைக் கொண்டுபோகும்போது கை நின்றது. வரையாதவரைக்கும் இவள் இருப்பாள் என்று மனசுக்குள் எதுவோ பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. அதை அவள் நம்பவில்லை. நம்பாமலேதான் அதற்குக் கீழ்ப்படிந்தாள். மனுஷி வேறென்ன செய்வாள், இருந்த ஒரே சிநேகிதி அவள்.

நல்லம்மா தினமும் மதியம் வந்தாள். ஜூலையில் தானாகப் படி ஏறினாள், ஆகஸ்டில் விஸ்வலிங்கம் கைபிடித்து ஏற்றிவிட்டார். கன்னத்தில் பவுடர் கூடிக்கொண்டே போனது. ஒருநாள் மெதுவாக, முகத்துக்கு எப்போது வருவீர்கள் என்று கேட்டாள். சுவர் காயவேண்டும், மழைக்காலத்தில் எண்ணெய்ச் சாயம் லேசில் காயாது என்றாள் கமலாம்பிகை. சாயம் காய்ந்து பத்து நாள் ஆகியிருந்தது.

செப்டம்பர் கடைசியில் ஒருநாள் நல்லம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நாலடி நடந்து படத்துக்கு முன்னால் வந்து நின்றாள். அதுவரை அவள் வந்து பார்த்ததில்லை, முடிந்தபிறகு பார்க்கிறேன் என்றிருந்தாள். வெகுநேரம் பார்த்தாள். சுவர்க் கண்ணாடியில் தன்னையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், பவுடர் திட்டுத்திட்டாக இருந்தது.

"மத்தவங்களுக்கெல்லாம் அன்னைக்கே கண்ணு போட்டீங்க," என்றாள்.

 கமலாம்பிகை பிரஷ்ஷைத் தேடி எடுத்து, இதோ இப்போதே போட்டுவிடுகிறேன், உட்கார் என்றாள்.

"வேணாம் மச்சாள். இது என் மூஞ்சி இல்ல. இதப் பாத்தா பிள்ளை பயந்துரும்." நல்லம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க என்னைய சாக விடக்கூடாதுன்னுதான் இழுத்தீங்க, எனக்குத் தெரியும். ஆனா நான் கேட்டது அது இல்லையே."

திட்டியிருந்தால் தேவலை. தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, பழையபடி அந்த அறையைத் தாண்டிப் போனாள். மறுபடி மாடிக்கு வரவில்லை. நவம்பர் நாலாம் தேதி விடிகாலையில் கீழ் அறையில் உயிர் போனது. வள்ளிநாயகிக்கு இன்னும் இரண்டு பரீட்சை பாக்கி இருந்தது.

அக்கா, படம் முடிந்ததா என்று விஸ்வலிங்கம் கேட்டார், கல்வெட்டுக்கு வேண்டும். இரண்டு நாள் பொறு என்றாள் கமலாம்பிகை. கதவைச் சாத்திக்கொண்டு, ஞாபகத்திலிருந்து வரைந்தாள், அழித்தாள், வரைந்தாள். எந்தப் புருவம் உயர்ந்தது, இடதா, வலதா? இருபத்து மூன்று வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அது தெரியவில்லை. பதின்மூன்று வருஷமாக அந்த முகம் அவளைக் கண்டால் தலைப்புக்குள் போய்விடும். உட்கார்ந்த நான்கு மாதமும் அவள் பார்த்தது ஜன்னலையும் கதவையும். நல்லம்மாவின் முதுகை வரையச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வரைந்திருப்பாள். கடைசியில் துணியைச் சுரண்டிச் சுத்தமாக்கிவிட்டுக் கீழே வந்து, முடியவில்லை என்று தம்பியிடம் சொன்னாள். கல்வெட்டின் முதல் பக்கத்தில் அடையாள அட்டைப் படம்தான் வந்தது, ஒரு ஓரத்தில் முத்திரையின் கோட்டோடு.

வள்ளிநாயகி பரீட்சை முடிந்து ஐந்தாம் நாள் வந்து சேர்ந்திருந்தாள். யாரிடமும் சண்டை போடவில்லை. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று அப்பாவை ஒரே ஒருமுறை கேட்டாள். பிறகு மாடிக்கு வந்து அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இறங்கிப்போனாள். விஸ்வலிங்கம் அதற்குப் பிறகு ரொம்ப நாள் இருக்கவில்லை, எண்பத்தொன்பதில் அவரும் போனார்.

கமலாம்பிகை தனியாக அந்த வீட்டில் இருந்தாள். கோயிலுக்குப் போவதும் நின்றது. சித்தி ஹாஜரா மகனோடு செபராங் ஜெயாவுக்குப் போய்விட்டார், முதுகு காட்டவும் ஆளில்லை. அவள் அறைகளை வரைந்தாள். ஜன்னலும் நாற்காலியும், கதவும் மேசையும். ஆளில்லாத படங்கள். அந்தப் படங்களில் எவ்வளவு அமைதி என்று யாராவது பார்த்திருந்தால் சொல்லியிருப்பார்கள். அது அமைதி இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

தொண்ணூற்று நாலு ஆகஸ்டில் வள்ளிநாயகி வந்தாள். அப்போது அவள் ஈப்போவில் டாக்டர், வயது இருபத்தொன்பது. மாமியை, அதாவது அப்பாவின் அக்காவை, பார்த்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. வாசல் வெளிச்சத்தில் அவள் நின்றதும் கமலாம்பிகை கதவைப் பிடித்துக்கொண்டாள். அதே நெற்றி, அதே வாய், ஏதோ கேட்க வருகிற மாதிரி அந்தப் பார்வை.

இடது புருவம். இடதுதான்.

சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் மாடிக்குப் போனார்கள். வள்ளிநாயகி ஒவ்வொரு படமாகத் திருப்பிப் பார்த்தாள். கடைசியில் நீலப் பட்டு உடுத்திய, முகமில்லாத படம். அதை எடுத்து ஜன்னலோரம் நிறுத்தினாள்.

"மாமி, எனக்கு அம்மா மூஞ்சி மறந்துபோச்சு. கண்ண மூடினா கல்வெட்டுல இருக்கிற அந்த ஐ.சி. படம்தான் வருது." நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "எல்லாரும் நான் அம்மா மாதிரியே இருக்கேன்னு சொல்றாங்க. என்னைப் பாத்து அதுல போட்டுருங்க. அஞ்சு மணிக்குத்தான் எனக்கு பஸ்."

அப்போது மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. இதைவிடத் தெளிவான இரண்டாம் வாய்ப்பு யாருக்கும் கிடைக்காது. கமலாம்பிகைக்கு அது புரிந்தது, புரிந்ததால்தான் பயம் வந்தது. அந்தப் படத்தை நிறுத்தியிருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, முதலில் ஒரு பயிற்சி பார்த்துக்கொள்கிறேன் என்று புதுத் துணி ஒன்றை எடுத்து வைத்தாள். வள்ளிநாயகி சிரித்தாள், பயமில்லாத சிரிப்பு. ராசியாவது ஒன்றாவது, நான் டாக்டர் மாமி என்றாள்.

மூன்று மணி நேரம் அந்தப் பெண் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எதிரில் நல்லம்மாவின் முகம், பவுடர் தேவைப்படாத முகம், முழு வெளிச்சத்தில். கமலாம்பிகை ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்தாள், பார்த்துவிட்டுக் குனிந்தாள். இருபத்தொன்பது வயதுதான், இன்னும் கல்யாணம்கூட ஆகவில்லை.

மூன்றரை மணிக்கு வள்ளிநாயகி கழுத்தைத் தடவிக்கொண்டு எழுந்து வந்தாள். துணியில் ஜன்னல் இருந்தது. பலகை பலகையாக, ஒவ்வொன்றிலும் வெயிலோடு.

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். முகம் மெல்ல மாறியது.

"அம்மாவும் இப்படித்தான் உக்காந்திருந்தாங்களா மாமி?"

"ஆமா," என்றாள் கமலாம்பிகை. "நாலு மாசம்."

வள்ளிநாயகி பையை எடுத்துக்கொண்டாள். குனிந்து மாமியின் கையை ஒருமுறை பிடித்துவிட்டு, சாயம் ஒட்டிய விரல்களோடு படி இறங்கினாள். கீழே இரும்புக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அவள் இனி வரமாட்டாள் என்று கமலாம்பிகைக்குத் தெரிந்தது.

வெளிச்சம் இன்னும் இருந்தது. அவள் பிரஷ்ஷைத் துடைத்து, அந்தப் பெண் எழுந்துபோன நாற்காலியை வரையத் தொடங்கினாள். இந்த முறை பின்னலுக்கு ஒன்பது நாள் ஆகவில்லை. நாற்காலி நன்றாக வந்தது.